விடை வரிசையைக் கலைக்கும் ஃபங்ஷனுக்கு டெஸ்ட் எழுதுவது எப்படி?

மாதிரித்தேர்வு:
டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வுக்கு ஒரு செயலி எழுதுகிறேன். கேள்விக்கு நான்கு விடை. ஆளுக்கு ஆள் வரிசை மாற வேண்டும். பைத்தானில் வரிசையைக் கலைத்துத் தரும் ரேண்டம்.ஷஃபிள் இருப்பது தெரியும், இருந்தாலும் கற்றுக்கொள்ளும் ஆசையில் நானே எழுதினேன். 'கலைத்த வரிசை பழைய வரிசையாக இருக்கக்கூடாது' என்பதுதான் டெஸ்ட். திங்கள் பாஸ், செவ்வாய் ஃபெயில், மறுபடி ஓட்டினால் பாஸ். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு ரிலீஸே நின்றுவிட்டது. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. எதை நம்புவது?

பழையகை:
தப்பு டெஸ்டில்தான் தம்பி. நான்கு விடையை 24 விதமாக அடுக்கலாம், அதில் ஒன்று பழைய வரிசை. சரியாகக் கலைத்தால் சராசரியாக 24 தடவைக்கு ஒரு தடவை அது வரத்தான் செய்யும். எப்போதும் மாறாததைச் சோதியுங்கள்: உள்ளே போன நான்கும் வெளியே வந்ததா, சரியான விடையின் குறி கூடவே நகர்ந்ததா. இந்த இரண்டாவதில் நான் ஒருமுறை கோட்டைவிட்டேன். ஒரு பேட்ச் முழுக்கத் தப்பான விடைக்கு மார்க் விழுந்தது!

எண்ணிப்பார்:
ஸீடை, அதாவது ரேண்டம் எண்கள் எதிலிருந்து தொடங்குகின்றன என்ற எண்ணை, லாகில் (ஓட்டத்தின் பதிவில்) எழுதி வையுங்கள். ஃபெயிலான ஓட்டத்தை அப்படியே திரும்ப ஓட்டலாம். ஆனால் சமமாகக் கலைக்கிறதா என்பதை ஒரு ஓட்டத்தை வைத்துச் சொல்ல முடியாது. மூன்று விடை மட்டும் வைத்து 60,000 தடவை ஓட்டி எண்ணுங்கள். ஆறு வரிசையும் தலா 10,000ஐ ஒட்டி வரணும். கை-வர்க்க மதிப்பு (வந்த எண்ணிக்கைகள் எதிர்பார்த்ததிலிருந்து மொத்தமாக எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு) 20.5ஐத் தாண்டினால் ஃபெயில். நல்ல கோடே ஆயிரத்தில் ஒரு தடவை தாண்டும், அதனால் இந்த டெஸ்டுக்கு மட்டும் ஸீடை நிலையாக வையுங்கள்.

மாதிரித்தேர்வு:
மூன்று விடைக்கும் அ, ஆ, இ என்று பேர் வைத்து ஓட்டினேன். ஆஇஅ என்ற வரிசை 11,087 தடவை. இஆஅ 8,921. கை-வர்க்கம் 738! அப்போ கோடும் தப்பா?

எண்ணிப்பார்:
ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று இடத்திலிருந்தும் ஒன்றைப் பொறுக்கி மாற்றுகிறீர்கள், சரியா? 3×3×3 = 27 வழி. அதை ஆறு வரிசைக்குச் சமமாகப் பங்கு போட முடியாது. மூன்றுக்கு ஐந்து வழி, மூன்றுக்கு நான்கு. கடைசி இடத்திலிருந்து தொடங்கி, இன்னும் முடிவாகாத இடங்களுக்குள் மட்டும் பொறுக்குங்கள். புள்ளியியலாளர்கள் ஃபிஷரும் யேட்ஸும் 1938இலேயே காகிதத்தில் செய்யச் சொன்ன முறை. 1964இல் டர்ஸ்டென்ஃபெல்ட் அதைக் கணினிக்கு ஏற்றபடி எழுதினார்.

மாதிரித்தேர்வு:
அதேதான் அண்ணா. லூப்பில் ஒரே வரி மாற்றினேன், இப்போது 4.3. பழைய டெஸ்டைத் தூக்கிவிட்டேன். அப்புறம், குறி நகர்கிறதா என்று பார்க்கும் டெஸ்டை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.