ஹோமிசைட் ரேட்: 'கொலை விகிதம்' போதுமா?

நா., சென்னை (வியாழன் இரவு)

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

ஓர் அவசரம். கல்லூரி மாணவர்களுக்கான புள்ளியியல் பாடம் ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்ட விவாதத்தில் இரு தரப்பும் நாடுகளின் கொலைக் கணக்கை எப்படி ஒப்பிடுகின்றன என்பதுதான் பாடம். ஹோமிசைட் ரேட் (homicide rate) வந்த எல்லா இடத்திலும் 'கொலை விகிதம்' என்று எழுதிக்கொண்டே போனேன். மூன்றாம் பக்கத்தில் முட்டி நின்றுவிட்டேன்.

2021இல் அமெரிக்காவின் கணக்கு: மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சொல்வது லட்சம் பேருக்கு 7-ஐ ஒட்டி, நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. சொல்வது 8-ஐ ஒட்டி. முன்னது காவல் துறைகள் மர்டர் என்ற தலைப்பில் அனுப்புவது. பின்னது இறப்புச் சான்றிதழ்களிலிருந்து எண்ணும் ஹோமிசைட். தற்காப்புக்காக ஒருவர் இன்னொருவரைச் சுட்டுக் கொன்றாலும் அதில் சேரும். இரண்டையும் 'கொலை' என்று எழுதினால் மாணவர் அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார். மர்டருக்குக் கொலை இருக்கட்டும். ஹோமிசைடுக்கு என்ன சொல்? ரேட் என்பதற்கு வீதமா, விகிதமா?

செ., தஞ்சாவூர் (வெள்ளி காலை)

அம்மா, சொல் நம்மிடம் இருக்கிறது, எடுத்தாள ஆளில்லை. கோறல். செல் என்பது சேறல் ஆனது போல, கொள் என்பது கோடல் ஆனது போல, கொல் என்பது கோறல். 'அறவினை யாதெனின் கொல்லாமை கோறல் பிறவினை எல்லாம் தரும்' என்பது குறள். சிலம்பில் பாண்டியன் 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்கிறான். அவன் செய்தது குற்றமா, முறையா என்று வழக்காடும் இடத்தில் அந்தச் சொல் நிற்கிறது. உங்களுக்கு வேண்டியதும் அதுதானே? குற்றம் என்று தீர்ப்பு வருமுன் 'ஓர் உயிரை இன்னோர் ஆள் எடுத்தான்' என்று மட்டும் சொல்லும் சொல். மர்டருக்குக் கொலை, ஹோமிசைடுக்குக் கோறல். ரேட்டுக்கு வீதம்.

வ., மதுரை (வெள்ளி பகல்)

ஐயா, அழகான சொல், ஆனால் நீதிமன்ற வாசலில் நின்று கோறல் என்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். எங்கள் தொழிலில் இந்தச் சிக்கல் பழையது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 299, 300 பிரிவுகள், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது 100, 101. எல்லா மர்டரும் கல்பபிள் ஹோமிசைட்தான் (குற்றமாகும் உயிரெடுப்பு), எல்லா கல்பபிள் ஹோமிசைடும் மர்டர் ஆகாது. மர்டர் ஆகாத அந்த வகையைப் பத்திரிகைகள் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்று நீட்டி எழுதுகின்றன. அதை ஓர் அட்டவணைத் தலைப்பில் அடைக்க முடியாது.

இன்னொன்றையும் பாருங்கள். 2022இல் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொடுத்த கொலை வழக்குகள் 28,522, லட்சம் பேருக்கு வீதம் 2.1. அதே அறிக்கையில் வரதட்சணைச் சாவு 6,450 தனித் தலைப்பில் இருக்கிறது. எந்தத் தலைப்பைக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே நாட்டின் எண் மாறும். அதனால் 'மனிதக்கொலை' என்று எழுதுங்கள். படித்தவுடன் புரியும்.

செ., தஞ்சாவூர் (வெள்ளி மாலை)

மனிதன் கொன்றதா, மனிதனைக் கொன்றதா? மனிதக்கொலை என்றால் புலி அடித்ததும் அதில் வருமே! அதற்கு ஆட்கொலை எவ்வளவோ மேல். ஆனால் ஆட்கொல்லி யானை, ஆட்கொல்லி நோய் என்று அதையும் விலங்குக்கும் நோய்க்கும் கொடுத்துவிட்டோம். 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல்' என்ற குறளுக்குப் பரிமேலழகர் கொடியவரைக் கொலையால் ஒறுப்பது என்று உரை கொள்கிறார். அரசன் தரும் தண்டனையும் அங்கே கொலைதான். கொலை என்ற சொல்லே அவ்வளவு விரிந்தது. அதை மர்டருக்குள் சுருக்கியவர்கள் நாம்.

யோ., ரொறொன்ரோ (வெள்ளி இரவு)

வீதத்துக்கு என் வாக்கு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தது இறப்பு வீதம், வட்டி வீதம்தான். விகிதம் என்பது இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள உறவு, 3:2 போல. லட்சத்துக்கு இத்தனை பேர் என்பது வீதம். மேன்ஸ்லோட்டருக்கு எங்கள் பக்கத்தில் கைமோசக் கொலை என்ற சொல் உண்டு. நோக்கமில்லாமல் கை தவறி நடந்தது என்ற பொருள் அதற்குள்ளேயே இருக்கிறது. அதையும் பாருங்கள்.

துப்பாக்கியையும் ஒருமுறை யோசியுங்கள். நாங்கள் துவக்கு என்போம். ஃபயர்ஆர்ம் என்று வரும் இடத்தில் சுடுகலன் பொருந்தும்.

கு., கோவை (சனி காலை)

துப்பாக்கி தமிழ்ச் சொல்லே என்பது என் நெடுநாள் கருத்து. துப்பு என்றால் வலிமை. துப்பை ஆக்குவது துப்பாக்கி. 'துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி' என்ற குறளிலேயே வடிவம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுச் சுடுகலன் எதற்கு?

செ., தஞ்சாவூர் (சனி காலை)

அந்தக் குறளில் துப்பு உணவு. உண்பவர்க்கு உணவை ஆக்கி, தானும் உணவாவது மழை. 'ஆக்கி' அங்கே வினையெச்சம். துருக்கிய மொழியின் தூபெக், தெலுங்கில் துபாகி, நம்மிடம் துப்பாக்கி. வந்த வழி தெளிவு. வந்த சொல்லை வாழவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. பொய்ப் பிறப்புச் சான்று கொடுப்பதில்தான் மறுப்பு.

நா., சென்னை (சனி இரவு)

ஐயா, எல்லோருக்கும் நன்றி. துப்பாக்கி அப்படியே இருக்கட்டும். எனக்கு வேறொரு கவலை வந்துவிட்டது.

பாடத்தில் இங்கிலாந்து, வேல்ஸ் ஹோமிசைட் கணக்கின் கோட்டு வரைபடம் ஒன்று இருக்கிறது. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1997இல் பிரிட்டனில் கைத்துப்பாக்கிக்குத் தடை வந்தது. அதன் பிறகும் கோடு ஏறி 2002-03இல் உச்சம் தொடுகிறது. தடையால் பயனில்லை என்பவர்கள் அந்த உச்சியைக் காட்டுகிறார்கள். அந்த ஓராண்டுக் கணக்கில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற மருத்துவர் முந்தைய பல ஆண்டுகளில் கொன்ற 170க்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்ந்திருக்கிறார்கள். விசாரணை முடிந்து அவை பதிவானது அப்போதுதான். அவர் கொன்றது ஊசி போட்டு!

2016-17இல் இன்னொரு மேடு. 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நெரிசலில் சிக்கி இறந்த 96 பேர். சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டார்கள் என்று 2016இல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னதால் அந்த ஆண்டுக் கணக்கில் ஏறினார்கள். அங்கே ஹோமிசைட் என்பதில் கடும் கவனக்குறைவால் நேர்ந்த சாவும் அடங்கும். ஐ.நா.வின் வரையறையோ, கொல்லவோ கடுங்காயப்படுத்தவோ நோக்கம் இருக்க வேண்டும் என்கிறது. ஜப்பான் காவல் துறை கொலை முயற்சியையும் கொலைத் தலைப்பிலேயே எண்ணுகிறது. அப்படி எண்ணியும் அவர்களுடைய வீதம் 1-க்கும் கீழே.

நெரிசலில் நசுங்கிய பிள்ளைகளுக்குக் கோறல் பொருந்துமா, ஐயா? மனிதக்கொலையாவது பொருந்துமா?

வ., மதுரை (ஞாயிறு காலை)

இரண்டும் பொருந்தாது. எந்த ஒற்றைச் சொல்லும் பொருந்தாது. ஆங்கிலத்திலும் ஹோமிசைட் என்பதை நாட்டுக்கு நாடு வேறு வேறாகத்தான் எண்ணுகிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் பொறுப்பைத் தமிழ்ச் சொல்லின் தலையில் ஏற்றாதீர்கள். மனிதக்கொலை என்று வைத்து, முதல் முறை வரும்போதே எந்த நாடு எதை எண்ணுகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். துப்பாக்கிச் சாவையும் தனியே பிரியுங்கள். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். அதைத் 'துப்பாக்கிக் கொலை' என்று மொழிபெயர்த்துப் பத்திரிகைகளில் வருவதைப் பார்த்திருக்கிறேன், வயிறு எரிகிறது.

நா., சென்னை (ஞாயிறு இரவு)

முடிவு செய்துவிட்டேன். ஹோமிசைட்: மனிதக்கொலை. மர்டர்: கொலைக்குற்றம். மேன்ஸ்லோட்டர்: கைமோசக் கொலை. ரேட்: வீதம். தற்கொலையும் சேர்ந்தது துப்பாக்கிச் சாவு, சேராதது துப்பாக்கி மனிதக்கொலை. வரைபடத்துக்குக் கீழே ஷிப்மனுக்கும் ஹில்ஸ்பரோவுக்கும் தனித்தனிக் குறிப்பு.

செ., தஞ்சாவூர் (ஞாயிறு இரவு)

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. மனிதக்கொலை இரட்டுற நிற்கும் சொல். கைமோசக் கொலையையும் தஞ்சை மாணவன் ஒருமுறைக்கு இருமுறை படித்தாக வேண்டும். படித்துப் பழகட்டும் என்றால், கோறலையும் அப்படியே பழகியிருக்கலாம். என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் பதிந்து வையுங்கள்.

யோ., ரொறொன்ரோ (திங்கள் அதிகாலை)

தங்கச்சி, நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். ஐந்தாம் பக்க அட்டவணையின் தலைப்பில் இன்னும் 'கொலை விகிதம்' என்றே நிற்கிறது. அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள்.