ஆறு மாதம் எந்த நாளிலிருந்து?

குழு: டார்ம்ஸ்டாட் தமிழ் வீடுகள், ஜெர்மனி

அக்டோபர் 9, வியாழன்

செந்தில், இரவு 8:14
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு காலை அம்மாவும் அப்பாவும் சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வந்து இறங்குகிறார்கள். நான்கு பெரிய பெட்டிகள், அப்பாவுக்கு முழங்கால் வலி. வாடகைக் கார் எடுத்து நானே போய் அழைத்துவரலாம் என்று இருக்கிறேன். குழந்தை உட்காரும் இருக்கை ஒன்று இரண்டு நாள் இரவல் கிடைக்குமா?

ரம்யா, 8:16
எங்களிடம் இருக்கிறது அண்ணா. வாடகைக் கார் எதற்கு? எங்கள் காரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு சும்மாதான் நிற்கும்.

கயல்விழி, 8:17
ரம்யா, கொஞ்சம் பொறு. செந்தில் தம்பி, உனக்கு ஜெர்மன் ஓட்டுநர் உரிமம் வந்துவிட்டதா?

செந்தில், 8:19
இல்லை அக்கா. மதுரையில் எடுத்த உரிமம் இருக்கிறது, பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். கிளம்பும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வாங்கிவந்தேன். அதில் ஓராண்டு என்று போட்டிருக்கிறது. பிப்ரவரி வரை செல்லும்.

கயல்விழி, 8:20
நீ இங்கே குடிவந்தது எப்போது? நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்த சான்றை எடுத்துப் பார்த்துச் சொல்.

செந்தில், 8:23
மார்ச் 3.

கயல்விழி, 8:29
அப்படியானால் செப்டம்பர் தொடக்கத்திலிருந்தே உன் இந்திய உரிமம் இங்கே செல்லாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே எடுத்த உரிமத்தை, இங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் ஏற்றுக்கொள்வார்கள். பன்னாட்டு அனுமதி என்பது நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பு போன்றது. அதில் ஓராண்டு என்று இருப்பதால் இந்த ஆறு மாதம் ஒரு நாள்கூட நீளாது. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே தங்கப்போவதில்லை என்று காட்டினால் கெடுவை நீட்டித்துக் கேட்கலாம். உனக்கு நிரந்தர வேலை, அது பொருந்தாது.

ஞாயிறு நீ ஓட்டினால் அது உரிமம் இல்லாமல் ஓட்டுவது. சாதாரண அபராதச் சீட்டோடு போகும் விஷயம் இல்லை தம்பி, குற்ற வழக்கு. ஓராண்டு வரை சிறை அல்லது நீதிமன்ற அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. ரம்யா, தெரிந்தே சாவியைக் கொடுக்கும் காரின் உரிமையாளருக்கும் அதே பிரிவுதான்.

ரம்யா, 8:30
ஐயோ. எனக்கு இது தெரியவே தெரியாது அக்கா.

செந்தில், 8:34
அக்கா, செப்டம்பர் 20-ஆம் தேதி வாடகைக் காரில் நாங்கள் ஹைடல்பெர்க் போய்வந்தோம். அந்த நிறுவனத்தில் அனுமதிச் சீட்டைப் பார்த்தார்கள், சாவியைக் கொடுத்தார்கள். எதுவுமே கேட்கவில்லை.

கயல்விழி, 8:35
நீ சுற்றுலா வந்தவனா குடியிருப்பவனா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவன் நீ.

மீனா, 8:37
அன்று குழந்தை பின்னால் தூங்கிக்கொண்டிருந்தாள் அக்கா. நெடுஞ்சாலையில் ஏதாவது நடந்திருந்தால்?

கயல்விழி, 8:41
நடக்கவில்லை, அதை நினைத்து இன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே மீனா. நடந்திருந்தால், அடிபட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்துவிட்டு, 5,000 யூரோ வரை உங்களிடம் திருப்பிக் கேட்க முடியும். பணத்தைவிட வழக்குதான் எனக்குப் பயம். விசா நீட்டிப்புக்குப் போகும் இடத்தில் குற்ற வழக்கோடு யாரும் நிற்கக் கூடாது.

சிவநேசன், 8:52
தம்பி செந்தில், ஞாயிறு எத்தனை மணிக்கு விமானம்? என்னுடைய வாகனம் பெரியது. பெட்டிகளும் பிடிக்கும், ஐயா காலை நீட்டி இருக்கவும் இடம் இருக்கிறது. நான் வருகிறேன்.

செந்தில், 8:54
அண்ணா, உங்களுக்குச் சிரமம்.

சிவநேசன், 8:58
ஒரு சிரமமும் இல்லை. 1986-இல் நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை. வருகிறவர்களைக் கூட்டிவருவது எனக்கு விருப்பமான வேலை. நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மீனா, காலை 11:40
வந்து சேர்ந்தோம். சிவநேசன் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மாமா வழியெல்லாம் அவரோடு பேசிக்கொண்டே வந்தார். முன்னால் போக்குவரத்து நின்றதும் எல்லா வண்டிகளும் தாமாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கி நடுவில் வழி விட்டதைப் பார்த்து மாமா அசந்துபோனார்.

சிவநேசன், 11:52
அது ஆம்புலன்ஸுக்கு விடும் வழி. இடது ஓரத் தடத்தில் நிற்பவர் இடப்பக்கம், மற்ற எல்லோரும் வலப்பக்கம். சைரன் கேட்ட பிறகு செய்வது இல்லை, வேகம் குறைந்து ஊரத் தொடங்கும்போதே செய்ய வேண்டும். விடாவிட்டால் 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டுத் தடையும் உண்டு. தேர்விலும் கேட்பார்கள் தம்பி, இப்போதே மனத்தில் வையுங்கள்.

செந்தில், மதியம் 12:05
வைத்துவிட்டேன் அண்ணா. நாளையே விண்ணப்பிக்கிறேன். கயல் அக்கா, எங்கே தொடங்குவது?

கயல்விழி, 12:31
கண் பரிசோதனையில் தொடங்கு. கண்ணாடிக் கடையிலேயே செய்வார்கள், நான் போனபோது 6.43 யூரோ. பிறகு முதலுதவி வகுப்பு. ஒன்பது பாட வேளை, ஒரு சனிக்கிழமை முழுவதும் போய்விடும். அதைச் சடங்காக நினைக்காதே. மயங்கிக் கிடப்பவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதை அன்றுதான் நான் கற்றேன், மறு வருடம் எங்கள் மாடிப்படியில் அது தேவைப்பட்டது. இவற்றோடு புகைப்படம், மதுரை உரிமத்தின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு. ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தில் மொழிபெயர்த்துத் தருவார்கள். விண்ணப்பத்தில் எந்தப் பயிற்சிப் பள்ளி என்று எழுத வேண்டும், அதனால் பள்ளியை முதலிலேயே பேசி வை.

நமக்கு ஒரு சலுகை உண்டு. ஏற்கெனவே உரிமம் இருப்பதால், புதிதாகப் பழகுகிறவர்களைப் போல இத்தனை வகுப்பு என்ற கட்டாயம் இல்லை. ஆனால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இரண்டுமே உண்டு. சில நாடுகளின் உரிமத்தைத் தேர்வில்லாமல் மாற்றித் தருகிறார்கள், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

செந்தில், 12:36
கட்டாயம் இல்லை என்றால் நேராகத் தேர்வுக்கே போய்விடலாமா? பதினாறு வருடம் ஓட்டியிருக்கிறேனே.

கயல்விழி, 12:37
குரல் செய்தி அனுப்பலாம் என்று பார்த்தேன். வேண்டாம், எழுதுகிறேன். எல்லோரும் படிக்கட்டும்.

கயல்விழி, 12:58
நானும் அப்படித்தான் போனேன். திருநகரிலிருந்து தினமும் அண்ணா நகர் வரை ஓட்டியவள், மாட்டுத்தாவணி நெரிசலில் வண்டியை எடுத்தவள், எனக்கு யார் என்ன சொல்லித்தர வேண்டும் என்று இரண்டே வகுப்போடு தேர்வுக்கு உட்கார்ந்தேன். பயிற்றுநர் பக்கத்தில், தேர்வாளர் பின் இருக்கையில். முப்பது கிலோமீட்டர் வேக எல்லை போட்ட குடியிருப்புத் தெரு. வலப்பக்கம் ஒரு சின்னச் சந்து, வேலி மறைப்பு. நான் போவது அகலமான தெரு, அதனால் எனக்குத்தான் முன்னுரிமை என்று என் கால் முடிவு செய்துவிட்டது. சந்திலிருந்து ஒரு கார் மூக்கை நீட்டியது. என் பயிற்றுநர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். அவர் மிதித்தால் தேர்வு அங்கேயே முடிந்தது.

பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலமிருந்து வருபவருக்கே முதல் உரிமை. அகலமோ கூட்டமோ கணக்கே இல்லை. "ரெஹ்ட்ஸ் ஃபோர் லிங்க்ஸ்" என்று சொல்வார்கள். விதியை எழுத்துத் தேர்வில் சரியாக எழுதித் தேறியவள்தான் நான். ஆனால் தலை வலப்பக்கம் திரும்பவில்லை. நம் ஊரில் பார்வைக்கு ஒரு பழக்கம், ஹார்ன் சத்தத்துக்கு ஒரு பழக்கம். இங்கே ஹார்ன் அடித்து "நான் வருகிறேன்" என்று சொல்ல முடியாது, ஊருக்குள் ஆபத்துக்கு மட்டும்தான் அது. எல்லாவற்றையும் கண்ணால் செய்ய வேண்டும்.

மறுபடி ஓட்டுத் தேர்வுக்குப் போக இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த இரண்டு வாரமும் பஸ்ஸில் போகும்போது ஒவ்வொரு சந்துக்கும் தலையைத் திருப்பிப் பார்த்துப் பழகினேன். குறைந்தது எட்டு வகுப்பாவது எடு தம்பி. காசைப் பார்க்காதே.

செந்தில், 1:04
எடுக்கிறேன் அக்கா.

டிசம்பர் 17, புதன்

செந்தில், மாலை 6:20
விண்ணப்பம் ஒப்புதலாகிவிட்டது. முதல் வகுப்பும் முடிந்தது. கயல் அக்கா சொன்னது எவ்வளவு உண்மை என்று இன்று தெரிந்தது. என் மாருதியில் இண்டிகேட்டர் வலக்கையில். இங்கே இடக்கையில். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் வைப்பரைப் போட்டேன், காய்ந்த கண்ணாடியில் அது கரகரவென்று தேய்த்தது. இடப்பக்கம் திரும்பும்போது என்னை அறியாமல் எதிர்த் தடத்துக்குப் போகப் பார்த்தேன். கை நடுங்கிவிட்டது.

சிவநேசன், 6:41
நடுங்கியது நல்லது தம்பி, கவனம் வந்துவிட்டது. மீனாவைப் பக்கத்தில் இருத்தி ஒரு சுற்று ஓட்டிப் பழகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பொதுத் தெருவில் பயிற்றுநருடன் மட்டுமே ஓட்டலாம்.

ரம்யா, 6:50
எழுத்துத் தேர்வை எந்த மொழியில் எழுதப்போகிறீர்கள்?

செந்தில், 6:53
ஆங்கிலத்தில். ஜெர்மன் தவிர பன்னிரண்டு மொழிகளில் எழுதலாம், நம் மொழிகள் எதுவும் இல்லை. முப்பது கேள்வி. பிழைப் புள்ளி பத்தைத் தாண்டினால் தோல்வி. ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினால், கூட்டிப் பத்துதான் என்றாலும் தோல்வி.

சிவநேசன், 7:10
நான் ஜெர்மனிலேயே எழுதினேன். இரவு வேலை முடிந்து வந்து அகராதியோடு இருப்பேன். பிறகு இருபத்தைந்து வருடம் பொதிகள் ஏற்றி ஓடி அந்த உரிமத்தில்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன்.

ஜனவரி 7, புதன்

மீனா, இரவு 9:15
அத்தையும் மாமாவும் விமானம் ஏறிவிட்டார்கள். இன்றும் சிவநேசன் அண்ணாதான் கொண்டுபோய் விட்டார். அடுத்த முறை வரும்போது மகன் ஓட்டும் காரில் உட்காருவேன் என்று மாமா சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 13, செவ்வாய்

செந்தில், காலை 10:48
எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். பிழைப் புள்ளி மூன்று. நின்றிருக்கும் பள்ளிப் பேருந்தில் எச்சரிக்கை விளக்கு மின்னினால் எதிர்த் திசையில் வருபவரும் நடை வேகத்தில்தான் கடக்க வேண்டும் என்ற கேள்வி வந்தது, சரியாக எழுதினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

கயல்விழி, காலை 10:30
தம்பி? ஒன்பதரைக்குத் தேர்வு என்றாயே.

கயல்விழி, 10:52
ஏதாவது எழுது. எதுவானாலும் பரவாயில்லை.

செந்தில், 11:03
தேறிவிட்டேன் அக்கா!

செந்தில், 11:15
இப்போதுதான் கை நிதானத்துக்கு வந்தது. தேர்வு மொத்தம் 55 நிமிடம். நெடுஞ்சாலை, பின்னோக்கி நிறுத்துவது எல்லாம் நன்றாக வந்தன. கடைசியில் வலப்பக்கம் திரும்பச் சொன்னார்கள். கண்ணாடியில் யாரும் இல்லை. தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்தேன், சைக்கிளில் ஒரு பள்ளிச் சிறுமி, கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் வந்துகொண்டிருந்தாள். நின்றேன். அவள் போன பிறகு திரும்பினேன். தேர்வாளர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கயல்விழி, 11:17
என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மதுரை உரிமத்தை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுப்பார்கள். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து வை. கையில் புதிய அட்டை வரும்வரை ஓட்டாதே.

பிப்ரவரி 23, திங்கள்

செந்தில், மதியம் 2:10
கைக்கு வந்துவிட்டது. பதினைந்து வருடம் செல்லும். பழையதைக் கொடுக்கும்போது மனம் கொஞ்சம் பிசைந்தது. இருபத்திரண்டு வயதில் அப்பா விடுப்பு போட்டு என்னோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காலையிலிருந்து வரிசையில் நின்று வாங்கித்தந்தது. அட்டையைப் பிடித்து ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். "வலப்பக்கம் பார்த்துப் போ" என்று பதில் போட்டிருக்கிறார்.

சிவநேசன், 2:32
ஐயாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது அது. தம்பி, சனி காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்வருவோம். 2002-இல் கும்பாபிஷேகம் நடந்தபோது போனேன், அதன்பிறகு எத்தனையோ தரம் நானே ஓட்டிப் போயிருக்கிறேன். இந்த முறை நீங்கள் ஓட்டுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன். வாகனத்தின் காப்பீட்டில் உங்கள் பெயரை இன்றே சேர்த்துவிடுகிறேன்.

மீனா, 2:35
புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன் அண்ணா. ரம்யா, குழந்தை இருக்கையை மறுபடி ஒருமுறை கொடு.

ரம்யா, 2:36
வெள்ளி மாலையே கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன். எனக்கும் ஒரு இடம் இருக்கிறதா?