காகோஷிமாவிலிருந்து நாஹா: கப்பலா, விமானமா?

நெய்தல் நாடோடி:
செப்டம்பர்ல ஜப்பான் போறேன். டோக்கியோ, கியோட்டோ பக்கமே தலைவைக்கப் போறதில்லை. கியூஷு தீவுல இருக்கிற ஃபுகுவோகாவுல இறங்கி, பஸ்ல அதே தீவோட தென்கோடிக் காகோஷிமா. அங்கிருந்து சாயங்காலம் ஆறு மணிக் கப்பல்ல தெற்கே அமாமி ஓஷிமா, யோரோன் தீவுகள், கடைசியா ஒகினாவாவோட நாஹா. கூடாரமும் முக்குளிக்கிற சாமானும் சொந்தமா இருக்கு. கப்பல்ல தூங்கினா ஒரு ராத்திரி வாடகையும் மிச்சம். எப்படிப் பார்த்தாலும் இதுதான் மலிவுன்னு தோணுது. போனவங்க சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
தம்பி, உன் கணக்கு அடியிலேயே ஆடுது. காகோஷிமா - நாஹா கப்பல்ல ரெண்டாம் வகுப்பே 15,000 யென்னுக்குக் குறையாது. ஃபுகுவோகாவுல இறங்குறியே, அங்கிருந்தே நாஹாவுக்கு மலிவு விமானம் இருக்கு. சலுகை சமயத்துல அதுல பாதிக்கும் கீழே சீட்டு கிடைக்கும், ரெண்டு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். கப்பல் 25 மணி நேரம். அதுக்கு முன்னாடி காகோஷிமா வரைக்கும் பஸ் காசு வேற. ஒரு ராத்திரி வாடகை மிச்சம்னு சொல்றே, ஒரு முழு நாள் போகுதே, அதை எந்தப் பற்றுக் கணக்குல எழுதுவே?

நெய்தல் நாடோடி:
அண்ணே, விமானத்துல கைப்பை 7 கிலோதான். என் கூடாரம், படுக்கை, துடுப்புக்காலணி எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டிடும். பெட்டிக்குத் தனியாக் கட்டினா உங்க பாதி விலை பாதியா நிக்காது. அப்புறம், நாஹா மட்டும் பார்க்கிறதுன்னா நான் ஏன் இவ்வளவு மெனக்கெடறேன்? நடுவுல உள்ள தீவுகளுக்காகத்தானே.

கணக்குப்பிள்ளை:
நடுவுல இறங்கினா செலவு இன்னும் ஏறும். துண்டு துண்டாச் சீட்டு வாங்கிக் கூட்டிப் பாரு, நேர்ச்சீட்டைவிட அதிகம் வரும். ஆசைக்காகப் போறேன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். மலிவுன்னு மட்டும் சொல்லாதே.

தேக்காவாசி:
நான் சிங்கப்பூர்லேர்ந்து இதே தடத்துல போயிருக்கேன், கப்பல்தான் என் கட்சி. ரெண்டாம் வகுப்புன்னா கட்டில் கிடையாது. கம்பளம் விரிச்ச பெரிய கூடம், ஆளுக்கு ஒரு மெல்லிய மெத்தை, செங்கல் மாதிரி ஒரு தலையணை, தலைமாட்டுல நம்பர். எனக்கு இந்தப் பக்கம் ஒரு லாரி டிரைவர், அந்தப் பக்கம் போட்டிக்குப் போயிட்டு ஊர் திரும்புற பள்ளிக்கூடப் பசங்க. ஒவ்வொரு துறையிலயும் பாலம் இறங்கினதும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிங்க எறும்புப் புத்து கலைஞ்ச மாதிரி ஓடும். தீவுக்கு வர்ற அரிசி, சோப்பு, பேப்பர் எல்லாம் இதுலதான் வருது, தீவுக் கன்னுக்குட்டி ஏலம் முடிஞ்சு இதுலதான் போகுது. விமானத்துல போறவனுக்கு ஒகினாவாவும் கியூஷுவும் ரெண்டு தனித்தனி ஊர். கப்பல்ல போனாத்தான் நடுவுல ஒரு நாடே கிடக்குதுன்னு தெரியும்.

கணக்குப்பிள்ளை:
ரவுசு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க பாஸ்போர்ட்டுக்கு ஜப்பான்ல விசா வேண்டாம், நினைச்சா கிளம்பலாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்காரன் நாள்வாரியாத் திட்டம் எழுதி, எங்கே தங்குறான்னும் காட்டி விசா வாங்கணும். செப்டம்பர் சூறாவளி மாசம். கப்பல் ரெண்டு நாள் நின்னா இவன் திரும்புற விமானத்தைக் கோட்டை விடுவான். மாற்ற முடியாத சீட்டு. அப்போ மலிவு எங்கே போச்சு?

தேக்காவாசி:
சூறாவளி வந்தா விமானமும்தான் நிக்கும்.

கணக்குப்பிள்ளை:
நிக்கும். மறுநாளே பறந்துடும். கடல் அடங்க நாலு நாள் ஆகும்.

எரிமலைப்பக்கம்:
காகோஷிமாவுல இருக்கேன் (இன்னிக்கும் சகுராஜிமா எரிமலைச் சாம்பல், துணி காயப்போட முடியலை). ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி.

தம்பி, சூறாவளியைவிட உன்னை அதிகம் படுத்தப் போறது "நிபந்தனையோடு புறப்பாடு"தான். நல்லா வெயில் அடிக்கிற நாள்லகூட வரும். கப்பல் கிளம்பும், ஆனா அலை அதிகமா இருந்தா உன் தீவுல நிக்காது, அடுத்த துறைக்குப் போயிடும். யோரோனுக்குச் சீட்டு வாங்கினவன் நாஹாவுல இறங்குறது இங்கே அதிசயம் இல்லை. அதனால யோரோனுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் சும்மா விட்டு வை.

அமாமிக்குக் கப்பல் விடியறதுக்கு முன்னாடி, அஞ்சு மணி வாக்குல சேரும். பஸ் இல்லை, கடை இல்லை, துறைமுகக் காத்திருப்புக் கூடத்துல உட்கார்ந்திருக்கணும். தீவு 712 சதுர கிலோமீட்டர், முழுக்க மலை. சைக்கிள் உதவாது. இந்தியாவுல எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி ஜப்பான்ல செல்லும், வாடகைக் காரைப் பங்கு போட ஆள் கிடைச்சா நல்லது. யோரோன் நேர்மாறு. சுத்தி வந்தா 24 கிலோமீட்டர் வாக்குல, சைக்கிளே போதும்.

நெய்தல் நாடோடி:
அக்கா, அமாமியில கூடாரம் போடலாமா?

எரிமலைப்பக்கம்:
முகாம் இடங்கள் இருக்கு. ஆனா அங்கே ஹாபு இருக்கு. நம்ம விரியன் மாதிரி விஷப்பாம்பு, ராத்திரி நடமாட்டம். புல்லுக்குள்ள கூடாரம் போடாதே, டார்ச் இல்லாம நடக்காதே. பக்கத்துத் தீவு தொகுனோஷிமாவுலயும் உண்டு. இன்னும் தெற்கே இருக்கிற ஒகினோஎராபுத் தீவிலும் யோரோனிலும் ஹாபு கிடையாது. கூடாரத்தை அங்கே பிரி.

இந்த ஹாபுவை ஒழிக்கிறோம்னு 1979-ல அமாமியில கீரியை விட்டாங்க. கீரி பகல்ல திரியும், பாம்பு ராத்திரி வரும். ரெண்டும் சந்திச்சுக்கவே இல்லை. கீரி பாட்டுக்கு, அமாமியையும் தொகுனோஷிமாவையும் விட்டா உலகத்துல வேற எங்கேயும் இல்லாத அமாமிக் கறுப்பு முயலைத் தின்னு தீர்த்துச்சு. பொறி வச்சு, நாய் வச்சுத் தேடி, 2024-லதான் கீரி அடியோட ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. 2021-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த காடு அது. ராத்திரி வண்டி ஓட்டினா மெதுவா ஓட்டு, முயல் குறுக்கே வரும்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, பாம்பு சரி. காசுக்கு வாங்க. டோக்கியோ நரிட்டாவிலிருந்து அமாமிக்கே மலிவு விமானம் போகுதே?

எரிமலைப்பக்கம்:
போகுது. நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். காகோஷிமா - அமாமி ராத்திரிப் பயணத்துல கடல் இருட்டு, தூக்கம்தான். பார்க்க வேண்டியது அமாமிக்குத் தெற்கேதான். காலையில கிளம்பின கப்பல் தொகுனோஷிமா, ஒகினோஎராபு தொட்டுப் பிற்பகல்ல யோரோன். பகல் முழுக்க மேல்தளத்துல நிக்கலாம். அமாமி வரை பற, அங்கிருந்து மித.

தேக்காவாசி:
இது சமரசம். காகோஷிமாவுல கப்பல் கிளம்புறதைப் பார்க்காம என்ன பயணம்?

எரிமலைப்பக்கம்:
கிளம்புறதைப் பார்க்கணும்னா மார்ச் கடைசியில தீவுலேர்ந்து கிளம்புறதைப் பாருங்க. வாத்தியார்கள் மாற்றலாகிப் போற சமயம். மேல்தளத்துல நிக்கிற டீச்சர் கையிலேர்ந்து கரையில நிக்கிற பிள்ளைங்க கை வரைக்கும் கலர் கலரா காகித நாடா. கப்பல் நகர நகர ஒவ்வொண்ணா அறும்.

நெய்தல் நாடோடி:
செப்டம்பரை விட்டுடறேன். ஏப்ரல் எப்படி?

எரிமலைப்பக்கம்:
ஏப்ரல் பாதிக்கு மேல நல்லது, ஆனா மாசக் கடைசியில தொடங்குற நீண்ட விடுமுறைக்கு முன்னாடி முடிச்சுடு. மே மாசம் தீவுகள்ல மழைக்காலம் தொடங்கிடும். யோரோன்ல யுரிகஹாமா மணல்திட்டு பார்க்கணும்னா அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போ. நீர் நல்லா வத்துற நேரத்துலதான் கரையிலேர்ந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி அது தலை காட்டும்.

கணக்குப்பிள்ளை:
சைவமா நீ? மீன்கருவாட்டுச் சாறு இல்லாத குழம்பு அங்கே கிடையாது. சூப்பர் மார்க்கெட்ல டோஃபு, சோறு வாங்கித்தான் பொழுது போகும்.

நெய்தல் நாடோடி:
கோழி, மீன் ஓடும்ணே. அமாமியில சோத்து மேல கோழியும் முட்டையும் போட்டுச் சூடா ரசம் ஊத்துவாங்களாம், அதுக்காகவே இறங்கணும்.

தேக்காவாசி:
யோரோன்ல கடைசி நாள் வடக்கே பார்க்காதே, தெற்கே பாரு. மேகம் இல்லைன்னா ஒகினாவாவோட ஹேதோ முனை தெரியும், இருபத்திச் சொச்சம் கிலோமீட்டர்தான். அமாமித் தீவுகளை 1953-ல அமெரிக்கா ஜப்பானுக்குத் திருப்பிக் கொடுத்துச்சு, ஒகினாவாவை 1972-லதான். அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு மேல யோரோனுக்கும் ஒகினாவாவுக்கும் நடுவுலதான் எல்லைக்கோடு. ரெண்டு கரையிலயும் தீ மூட்டி ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கிட்டாங்க, படகுல போய் நடுக்கடல்ல கூடினாங்க. கணக்குப்பிள்ளை சொல்ற விமானத்துல இதுக்கு மேலதான் பறப்பாங்க.

கணக்குப்பிள்ளை:
பறந்தாலும் ஜன்னல் சீட்டு கேட்டா தெரியும் சார். கூடுதல் கட்டணம் உண்டு.

நெய்தல் நாடோடி:
முடிவு: நரிட்டாவிலிருந்து அமாமி விமானம், பெட்டிக்குக் காசு கட்டி. அங்கிருந்து கப்பல்ல யோரோன், அப்புறம் நாஹா. யோரோனுக்குப் பின்னாடி ரெண்டு நாள் சும்மா. அந்த ரெண்டு நாள் மிஞ்சினா நாஹாவுலேர்ந்து ஸமாமித் தீவு, இல்லைன்னா இல்லை.

எரிமலைப்பக்கம்:
யோரோன்லேர்ந்து கிளம்புற அன்னிக்குக் காலையில கப்பல் அலுவலகத்துக்குப் போன் போட்டு எந்தத் துறைன்னு கேளு. அலை இந்தப் பக்கம் அதிகமா இருந்தா தீவோட அந்தப் பக்கத் துறைக்கு மாத்திடுவாங்க. சைக்கிளை வேற அதுக்கு முன்னாடி திருப்பிக் கொடுக்கணும்.