கோட்டை மிஷனில் ஃபிரேம் விழுகிறது, மதிலுக்கு அப்பால் நிற்கும் காவலாளிக்கும் காலடி கேட்கிறது

முற்றவெளி:
வணக்கம். ஒளிந்து விளையாடும் 'தி டார்க் மொட்' (The Dark Mod) என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு மிஷன் செய்துகொண்டிருக்கிறேன். இடம் எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை, ஒல்லாந்தர் காலம். ஐந்து கொத்தளம், அகழி, வாசல் வளைவு எல்லாம் அதன் மிஷன் கட்டும் மென்பொருளான டார்க்ரேடியன்டில் கட்டியாகிவிட்டது. உள்முற்றத்துக்குள் வந்ததும் நொடிக்கு 60 படமாக ஓடிய ஃபிரேம் 17க்கு விழுகிறது. வெறும் மதிலைப் பார்த்து நின்றாலும் அப்படித்தான். தீப்பந்தங்கள் 22. பாதியை அணைத்தால் 30 வருகிறது, ஆனால் எங்கும் இருட்டாகிவிடுவதால் ஒளிந்து போக வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது.

இன்னொன்று. காவல் அறையின் மதில் ஆள் உயரத்துக்குத் தடிப்பு. அப்படியிருந்தும் நான் நடைபாதையில் கால் வைத்தால் உள்ளே நிற்பவன் வாளை உருவிக்கொண்டு வருகிறான். எல்லா வாசலிலும் விஸ்போர்ட்டல் (இடத்தைத் தனிப் பகுதிகளாகப் பிரிக்கும், கண்ணுக்குத் தெரியாத எல்லை) போட்டிருக்கிறேன். மடிக்கணினி பழையதுதான், ஆனால் மற்றவர்களுடைய மிஷன்கள் இதில் நன்றாக ஓடுகின்றன.

ஒழுங்கை:
தம்பி, இரண்டும் ஒரே வருத்தம். இந்த விளையாட்டில் சத்தம் ஒரு பகுதியிலிருந்து மற்றதற்குப் போர்ட்டல் வழியாகத்தான் போகும். இரண்டு அறையையும் எஞ்சின் ஒரே பகுதியாக எடுத்தால் இடையில் மதில் இருப்பது அதற்குத் தெரியாது, நேர்த் தூரத்தை மட்டும்தான் பார்க்கும். மதிலுக்குப் பின்னால் மறைந்திருப்பதையும் சேர்த்து வரையும், ஃபிரேம் விழுவது அதனால்தான். அதனால் உங்கள் போர்ட்டல்கள் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறேன். கட்டளை எழுதும் கன்சோலில் ஆர்_ஷோபோர்ட்டல்ஸ் 1 (r_showPortals 1) கொடுத்துப் பாருங்கள், போர்ட்டல்களுக்குக் கோடு தெரியும். திறந்தது பச்சை, மூடியது சிவப்பு. வாசல் வளைவை எதனால் செய்தீர்கள்?

முற்றவெளி:
பார்த்தேன் அக்கா. மரக்கதவு உள்ள இரண்டு வாசலில் மட்டும் கோடு தெரிகிறது, மற்ற இடங்களில் ஒன்றுமே இல்லை. வளைவுகள் பேட்ச், அதாவது வளைந்த மேற்பரப்பு. மதில்களை ஒன்றாக நகர்த்த வசதி என்று ஃபங்க்_ஸ்டாட்டிக் (func_static) என்ற தனிப் பொருளாக ஆக்கிவிட்டேன்.

ஒழுங்கை:
அதுதான் காரணம். பேட்சும் ஃபங்க்_ஸ்டாட்டிக்கும் எதையும் அடைக்காது. பந்தலில் கட்டிய வெள்ளைத் துணி மாதிரி, கண்ணுக்கு மறைவு, எஞ்சினுக்கு வெறும் வெளி. செய்த அழகை அழிக்க வேண்டாம். மதிலுக்குள்ளும் வளைவுக்குப் பின்னாலும் வேர்ல்ட்ஸ்பான் பிரஷ் (இடத்தை அடைக்கும் அடிப்படைத் திடக் கட்டி) வைத்து கோல்க் (திரையில் வரையப்படாத டெக்ஸ்சர்) பூசுங்கள். போர்ட்டலின் எல்லா ஓரமும் அந்தப் பிரஷைத் தொட வேண்டும், ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் சரிவராது. விஸ்போர்ட்டல் டெக்ஸ்சர் ஒரு பக்கத்தில் மட்டும், மற்றப் பக்கங்களுக்கு நோட்ரா (nodraw) என்ற, கண்ணுக்குத் தெரியாத டெக்ஸ்சர். அப்புறம் டிமேப் (dmap) கட்டளை கொடுத்து மிஷனைத் தொகுங்கள்.

படலை:
அக்கா சொன்னது அறைகளுக்குச் சரி. முற்றத்துக்கு அது போதாது, அங்கே மறைக்க ஒன்றுமே இல்லையே. ஒரு சுவரில் எத்தனை வெளிச்சம் விழுகிறதோ அத்தனை தடவை எஞ்சின் அதைத் திரும்ப வரையும், நிழல் கணக்கு வேறு. பந்தங்களின் வட்டத்தைச் சுருக்குங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது. மதிலைத் தாண்டி அடுத்த அறைக்குள்ளும் போகக்கூடாது.

அதைவிட ஒரு கேள்வி. ஒல்லாந்தர் 1706இல் உள்ளே கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் எங்கே? இப்போது இல்லை என்பதற்காக விட்டீர்களா? அது உங்கள் மிஷனுக்குக் கட்டாயம் வேண்டும். சிலுவைக் கட்டடத்துக்கு வெளியே உள்மூலைகள் நான்கு வரும், நான்கும் இருட்டு. அதன் இரு பக்கச் சுவரிலிருந்தும் கோட்டை மதில்வரை, மேலே வானப் பிரஷைத் தொடுமாறு பெரிய போர்ட்டல் போட்டால் முற்றம் இரண்டாகப் பிரியும். காவலாளியின் பார்வையும் உடையும், ஃபிரேமும் ஏறும். விளையாடுகிறவர் எந்த மூலையிலிருந்து எதற்கு ஓடுவது என்று யோசிக்கத் தொடங்குவார்.

முற்றவெளி:
மூன்று இரவு இருந்து செய்தேன். கோல்க் போட்டதும் 38. காவலாளி இப்போது நான் வாசலுக்குக் கிட்ட வந்தால் மட்டும்தான் திரும்புகிறான். பந்தங்களைச் சுருக்கி, தேவாலயத்தையும் வைத்தபின் முற்றத்தில் 52. பந்தம் ஒன்றையும் அணைக்கவில்லை. கொத்தளத்தின் மேல் ஏறினால் இன்னும் 29தான். அங்கே தூரம் கூடினால் தானே மூடுகிற ஃபங்க்_போர்ட்டலைப் போட்டுப் பார்க்கப் போகிறேன்.

படலை அண்ணை, அந்தத் தேவாலயத்துக்குள் அப்பா சின்ன வயதில் போயிருக்கிறார். நேற்று கலண்டர் தாளின் பின்பக்கத்தில் யன்னல்களை வரைந்து தந்தார். கூரை எவ்வளவு உயரம் என்பது மட்டும் ஞாபகம் இல்லையாம். 1990க்கு முன் எடுத்த படம் யாருடைய வீட்டு ஆல்பத்திலாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.