சுப்பீரியர் ஏரிக்கரை வழியாக டுலூத் பயணம்: எல்லை கடந்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் டொராண்டோவிலிருந்து காரில் புறப்பட்டு, சூ செயின்ட் மரியிலிருந்து சுப்பீரியர் ஏரியின் வடகரையை ஒட்டிய 17ஆம் எண் நெடுஞ்சாலையில் தண்டர் பே வரை சென்று, பிஜன் ரிவர் சாவடியில் எல்லையைக் கடந்து மினசோட்டாவின் டுலூத் நகரை அடைய எண்ணியுள்ளோம்.

சூ செயின்ட் மரி முதல் தண்டர் பே வரை மட்டுமே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் இருப்பதாலும், மூட்டு வலியுள்ள அம்மா உடன் வருவதாலும், இடையில் வாவாவில் தங்குவது நல்லதா, மாரத்தான் என்ற ஊர் வரை சென்றுவிடலாமா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். மூஸ் மான்கள் குறுக்கிடும் அந்தச் சாலையில் இருட்டிய பின் ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

என் முதன்மையான கவலை எல்லைதான். அம்மாவிடம் இந்தியப் பாஸ்போர்ட்டும் அமெரிக்க விசாவும் உள்ளன; ஆனால் அவர் கனடாவுக்கு வந்தது ஒருமுறை மட்டும் நுழையும் விசாவில். அமெரிக்காவுக்கு மட்டும் சென்று, அனுமதித்த காலத்துக்குள் திரும்புவோருக்குப் புதிய விசா தேவையில்லை என்ற விதியின்கீழ் தரைவழியாகத் திரும்பியவர்கள் இங்கே இருந்தால், அதிகாரிகள் எந்தெந்த ஆவணங்களைக் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.

ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலையை அமெரிக்காவுக்குள் விடமாட்டார்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன் (இன்னும் நம்பவில்லை). வீட்டில் செய்த புளிக்காய்ச்சலைக் கொண்டுசென்ற அனுபவம் யாருக்கேனும் உண்டா?