ஒரே பட்டனில் ஆடும் விளையாட்டு: ஸ்கிராட்ச் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். சிறப்புக் குழந்தைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். பெருமூளை வாதம் உள்ள சில பிள்ளைகளுக்குக் கீபோர்டும் சரிவராது, மவுஸும் சரிவராது. அதனால் பழைய மவுஸைப் பிரித்து, இடது கிளிக்கின் இரண்டு முனைகளில் வயர் பற்றவைத்து, ஹெட்போன் செருகுவது போன்ற 3.5 மி.மீ. சாக்கெட் பொருத்தினோம். அதில் உள்ளங்கை அகலப் பட்டன் ஸ்விட்சைச் செருகி அழுத்தினால் கிளிக் ஆகும். பவர்பாயிண்டில் ஓர் அழுத்தத்துக்கு ஒரு படம், ஒரு சத்தம். பசு கத்தும் ஸ்லைடுக்குத்தான் ஏக கிராக்கி!

அடுத்து, தேர்ந்தெடுக்கும் விளையாட்டு. திரையில் நான்கு படங்கள். மஞ்சள் கட்டம் ஒவ்வொன்றின் மேலும் தானாக நகரும். வேண்டிய படத்துக்கு வந்ததும் பிள்ளை அழுத்த வேண்டும். கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் இதைச் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு பையன் அழுத்தினால் கையை எடுக்க நேரமாகும். கையை எடுக்கும்வரை காத்திருக்கும் கட்டளையைப் போட்டதில், ஓர் அழுத்தம் பலவாக எண்ணப்படுவது நின்றுவிட்டது. ஆனால் கட்டம் நகரும் வேகம் ஆளுக்கு ஆள் மாற வேண்டுமே? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கோப்பு வைக்காமல் இதைச் செய்ய வழி உண்டா? வகுப்பில் இணையம் கிடையாது.

இதுபோல் யாராவது செய்திருந்தால் கோப்பைப் பகிருங்கள். சிலருக்கு வலிப்பு வரும், அதனால் படபடவென மின்னும் படங்கள் மட்டும் வேண்டாம். அப்புறம், காய்கறி, விலங்குப் பெயர்களை நிதானமாகத் தமிழில் பேசிப் பதிவுசெய்து தர யாராவது முன்வந்தால் பெரிய உதவி. இயந்திரக் குரலை எங்கள் பிள்ளைகள் சட்டையே செய்வதில்லை. என் பவர்பாயிண்ட் கோப்புகள் வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன்.