புதுப்பிப்பு: நண்பகலில் தடுமாறிய லேசர் தூர அளவு

வறண்ட ஏரிக்குக் குறுக்கே 1 கி.மீ. தூரத்தை டோட்டல் ஸ்டேஷனில் (லேசரால் தூரம் அளக்கும் சர்வே கருவி) அளந்தால், நண்பகலில் ரீடிங் நிற்காமல் ஆடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, கருவியின் ட்ரைபாடையும், எதிர்முனையில் லேசரைத் திருப்பி அனுப்பும் பிரிசத்தையும் கரைமேல் ஏற்றி, விடிந்ததும் அளக்கச் சொன்ன யோசனைதான். தரையை ஒட்டிய கானல் பார்வைக்கோட்டில் குறுக்கிடவில்லை. ரீடிங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வந்தன.

நிறைய ரீடிங் எடுத்துச் சராசரி போட்டபோது நண்பகல் சிதறலும் அடங்கியது. ஆனால் எதிர்பாராதது: காலைச் சராசரியோடு அது பொருந்தவே இல்லை. காரணம் காற்றின் கொந்தளிப்பு அல்ல, கருவிக்குக் கொடுக்கும் காற்று வெப்பநிலை. 1 டிகிரி பிசகினால் கிலோமீட்டருக்குச் சுமார் 1 மி.மீ. போய்விடும், எத்தனை ரீடிங் எடுத்தாலும் அது கரையாது. இரு முனையிலும் நிழலில் தெர்மாமீட்டர் வைத்து, சராசரியைக் கருவியில் கொடுத்ததும் பொருந்தியது. காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் பிசகினால் கிலோமீட்டருக்கு 0.3 மி.மீ.தான், ஈரப்பதத்துக்காக மெனக்கெட வேண்டாம்.